குனியோவின் பருவப் பலகை

ஹிகோனே ஏரிக்கரைத் தெருவில் முடிதிருத்தகம் நடத்தும் குனியோவுக்கு ஆண்டென்பது பன்னிரு மாதமன்று. ஐந்து நாளுக்கொருமுறை பருவத்தின் பெயர் மாறும் பழைய பஞ்சாங்கமே அவர் காலக்கணக்கு. அப்பெயரைத் தூரிகையால் எழுதிக் கண்ணாடிக்கு மேல் மாட்டுவார். மூங்கில் முளைக்கும் பொழுதென்றால் தோப்புக்குப் போய்ப் பார்ப்பார். வானவில் மறையும் பொழுதென்றால் ஏரிக்கரையில் அண்ணாந்து நிற்பார். சொன்னபடி நடந்துவிட்டால் அன்று முழுதும் அவர் முகம் மலர்ந்திருக்கும்.

முன்பனி புகுந்த அக்காலையில் பலகை, ‘சுபாகி மலரத் தொடங்கும்’ என்றது. நான் என் முறைக்குக் காத்திருந்தேன். நாற்காலியில் நுரை பூசிய முகத்தோடு தோஃபுக் கடைக்காரர் தெராமுரா.

“சுபாகி எங்கய்யா பூத்திருக்கு? எங்க வீட்டு மரத்துல மொட்டெல்லாம் கல்லு மாதிரி கெடக்கு. வருஷா வருஷம் பொய்ய எழுதி மாட்டுற.”

“எங்கியாவது பூத்திருக்கும்ணே.”

“பூக்கலேன்னா?”

குனியோ ஒரு கன்னத்தை மழித்துக் கத்தியைத் துடைத்தார். “கடை சாத்துறதுக்குள்ள ஒரு பூ காட்டலேன்னா பலகைய எறக்கிடுறேன். அப்புறம் எழுதவே மாட்டேன்.”

சொன்னவர் நின்றாரில்லை, மிதிவண்டியேறிப் போய்விட்டார்.

“ஏம்மா ஃபுசாயே, பாதி மூஞ்சியோட விட்டுட்டுப் போறானே உன் புருசன்.”

“அந்தப் பாதியாவது அழகாயிருக்கே, அண்ணே,” என்று மறுகன்னத்தைத் தாமே மழித்து முடித்தார் குனியோவின் மனைவி.

திரும்பி வந்த குனியோவின் கைநிறைய இளஞ்சிவப்பு இதழ்கள். “கோயில் வேலியோரம் பூத்துக் கொட்டிக் கெடக்கு.”

ஃபுசாயே ஓர் இதழை எடுத்துப் பார்த்தார். “இது சுபாகி இல்லீங்க. சுபாகி முழுப்பூவா விழும். இதழ் இதழா உதிர்றது, அதே மாதிரி இருக்கிற சசன்கா.”

“எறக்குய்யா பலகைய,” என்றார் தெராமுரா.

குனியோ முக்காலியில் ஏறினார். பலகையில் கைவைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கே பூவின் பெயராய் நின்றவை ‘மலை’, ‘தேயிலை’ என்று பொருள்படும் இரண்டே சித்திர எழுத்துகள். ஒலியைக் காட்டாமல் பொருளை மட்டும் காட்டும் அவற்றைச் சுபாகி என்றே நாங்கள் வாசித்து வந்தோம்.

“அண்ணே, சசன்காவ எப்படி எழுதுவோம்?”

“மலை, தேயிலை, அப்புறம் பூ...” என்று விரல்விட்டு எண்ணினார் தெராமுரா.

“மொத ரெண்டும் இதேதான். அப்ப பஞ்சாங்கம் எழுதுனவங்க சசன்காவத்தான் சொன்னாங்களா? நாமதான் தப்பா வாசிச்சோமா?”

தெராமுரா எழுந்துவந்து பலகையைப் பார்த்தார். “அது மேலயே இருக்கட்டும். பலகை சரியாத்தான் சொல்லுது. உன் வாய்க்குத்தான் பூட்டு போடணும்.”

குனியோவின் காதில் அது விழவில்லை. முக்காலியில் நின்றபடியே அவ்விரண்டு எழுத்தையும் விரலால் தடவி, புதுப்பெயரை மெல்ல வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.