நைனா என்பது பெயரல்ல

என் தம்பி கண்ணையன் பட்டாளத்தை விட்டு ஓடிப்போனவன் அல்ல. பர்மாவில் ஓர் ஆற்றங்கரையில் குண்டுபட்டுச் செத்தவன். திருத்தணியில் இன்னும் சிலர் வேறு மாதிரி பேசுவதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் அப்பா ராஜமாணிக்கம் ரயிலடியிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டியவர். இந்தப் பக்கத்து வழக்கப்படி நாங்கள் அவரை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். கண்ணையன் எங்களோடு தமிழில் பேசுவான், குதிரையோடு தெலுங்கில் பேசுவான். கிருத்திகைக் கூட்டத்தின் மேளச் சத்தத்துக்கு மிரண்ட குதிரைகளை மற்ற வண்டிக்காரர்களும் அவனிடம்தான் இழுத்து வருவார்கள்.

நாற்பத்துமூன்றில் அரக்கோணத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். குதிரை பழக்கத் தெரியும் என்றதும் அவனைக் கோவேறு கழுதைப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். பெயர் எழுதிய குமாஸ்தா, பின்னால் நின்ற அப்பாவைக் காட்டி, யார் என்று கேட்டான்.

"எங்க நைனாங்க" என்றான் தம்பி.

வெளியூர்க் குமாஸ்தா அதையே தகப்பன் பெயராக எழுதிக்கொண்டான். திருப்பிக் கேட்கவில்லை. ஒரு மனிதனைச் சாவுக்கு அனுப்புகிறவனுக்கு இன்னொரு கேள்வி கேட்க வாய் வரவில்லை.

சண்டை முடிந்தது. மற்றவர்கள் திரும்பினார்கள். கண்ணையனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. வண்டி நிற்கும் இடத்தில், அப்பாவைப் போலவே ஜட்கா ஓட்டும் கங்காதர மாமா அப்பாவின் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "கழுதைய உட்டுட்டு ஓடிட்டானாமே உன் பையன்? எவளாவது பர்மாக்காரியக் கட்டிக்கினு இருப்பான், பாரு." எல்லாரும் சிரித்தார்கள். அப்பா அதற்குப் பிறகு ரயிலடிக்கு வண்டி கட்டவில்லை. தம்பி பெண்சாதி எல்லம்மாள் கிணற்றடிக்குப் போவதையும் விட்டுவிட்டாள்.

பிறகு ஒருநாள் அவனோடு படையில் இருந்த மணவூர்ப் பச்சையப்பன் வந்தான்.

"ஆத்தங்கரையில குண்டு விழுந்துதுக்கா. நாங்கல்லாம் பள்ளத்துல பூந்துட்டோம். கழுதைங்க மிரண்டுகினு நின்னுச்சு. இவன் மட்டும் கயித்த உடல. தெலுங்குல என்னமோ சொல்லிக்கினே இருந்தான். அடுத்த குண்டு அங்கயே விழுந்துது. உங்களுக்குத் தந்தி வரலியா?"

தபாலாபீசில் போய் விசாரித்தேன். தந்தி வந்திருக்கிறது. 'நைனா, திருத்தணி' என்று இருந்ததால் கடைத்தெருவில் அத்தர் விற்கும் நைனா முகமதுவிடம் போயிருக்கிறது. எனக்குப் பட்டாளத்தில் பிள்ளை இல்லையே என்று அவர் திருப்பிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு பட்டணத்தில் பட்டாள ஆபீசுக்குப் போனேன். செத்தவன் நைனாவின் மகன், ராஜமாணிக்கத்தின் மகன் இல்லை என்றார் அங்கிருந்த அதிகாரி.

"நைனான்னா பேர் இல்லீங்க. நீங்க உங்க அப்பாவ அப்பான்னு கூப்பிடறீங்க இல்ல, அது மாதிரி."

"அப்படின்னா 'நைனா என்கிற ராஜமாணிக்கம்'னு எழுதித் தரேன். பெரியவர் கைநாட்டு வைக்கட்டும், முடிஞ்சுது."

"உங்களையும் 'அப்பா என்கிறவர் மகன்'னு எழுதினா ஒத்துக்குவீங்களா?"

அவர் முகம் சிவந்தது. ஆனால் காகிதத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அப்பா என் கையை விலக்கிவிட்டு மைப்பெட்டியில் விரலை அழுத்தினார்.

"ஓடிப்போகலன்னு எழுதறாங்க இல்ல. போதும்மா."

எனக்குப் போதவில்லை.

ஊருக்கு வந்து சாவு சொன்னோம். மறுநாள் கங்காதர மாமா மாலையோடு வந்தார். நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன்.

"ஓடிப்போனவன் வூட்டுக்கு மாலை எதுக்கு மாமா?"

"ஏதோ வாய் தவறிச் சொன்னதும்மா, தமயந்தி. விடு."

"எல்லாரும் சிரிக்கச் சிரிக்க வண்டிகிட்ட நின்னு சொன்னீங்க இல்ல? அங்கயே போயி, பொய் சொன்னேன்னு சொல்லிட்டு வாங்க. அப்புறம் உள்ள வரலாம்."

அவர் மாலையைப் படியில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். ரயிலடிப் பக்கம் போகவில்லை, தன் வீட்டுக்குப் போனார். மாலையை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார் அப்பா. நான் எடுக்கவில்லை. எல்லம்மாளையும் எடுக்க விடவில்லை. சாயங்காலம் ஆடு வந்து தின்றுவிட்டுப் போயிற்று.