பெட்டியா, காதா

"அண்ணா, ஸ்தோத்திரம்னு வர்ற எடத்துல எல்லாம் குக்கரு விசில் வுடுற மாதிரி கீதுண்ணா" என்று பாடகர் குழுவின் தலைவி போனில் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. படூரில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சர்ச்சின் குழு அது. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கும் அந்தப் பெண், ஞாயிறு ஆனால் பத்துப் பேரை வரிசையில் நிறுத்திப் பாட வைப்பார். அவர்களுடைய ஆறு பாட்டுகளை என் ஸ்டூடியோவில் பதிவு செய்து, மிக்ஸிங் முடித்து அனுப்பியிருந்தேன். இருபது வருடம் சவுண்டு சர்வீஸ், அதற்குப் பிறகு பத்து வருடம் ஸ்டூடியோ. எனக்கே ஒலியைப் பற்றி வகுப்பெடுக்கிறாரே என்று இருந்தது.

"உன் போன் ஸ்பீக்கர் சரியில்லம்மா" என்றேன்.

"பத்து பேரு போன்லயும் அப்பிடித்தாண்ணா கீது."

ஸ்டூடியோ என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, அது எங்கள் வீட்டின் இரண்டாவது படுக்கையறை. சுவரெல்லாம் பழைய மெத்தை. பகலில் பக்கத்து அபார்ட்மெண்டின் தண்ணீர் லாரி வந்தால் பதிவை நிறுத்திவிட்டு டீ குடிப்போம். ஆடி மாதம் அம்மன் பாட்டு, டிசம்பரில் இயேசு பாட்டு, நடுவில் கல்லூரிப் பிள்ளைகளின் குறும்படம் என்று எப்படியோ வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் நிலத்தில் குனியாமல் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள் நான்தான் என்ற கர்வமும் கொஞ்சம் உண்டு.

அன்றைக்கே பாட்டைப் போட்டுக் கேட்டேன். விசில் எங்கேயும் இல்லை. சொல்லப்போனால் ஸ்தோத்திரத்தின் 'ஸ்' எனக்கு மழுங்கலாகத்தான் கேட்டது. அதனால்தான் மிக்ஸிங்கின்போது அந்த இடங்களில் எல்லாம் கூர்மையை ஏற்றி வைத்திருந்தேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யோசித்தேன். பத்துப் பேருக்குக் கேட்பது எனக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒன்று, என் பெட்டி. இல்லையென்றால், என் காது. பெட்டியாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

பெட்டி என்றால், கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது, அந்த எண்களைக் காதுக்கு எட்டும் ஒலியாக மாற்றித் தரும் கருவி. எங்கள் தொழிலில் அதை 'டாக்' என்போம். அது மங்கலாக இருந்தால் ஸ்பீக்கரில் வருவதும் மங்கல்தான். மங்கலாகக் கேட்பதால் நான் கூர்மையை ஏற்றுவேன், அடுத்தவர் காதில் அது குத்தும். கணக்குச் சரியாக வந்தது. என்னுடையது பத்து வருடப் பழசு. புது டாக் வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று முடிவு கட்டினேன்.

அதன் பிறகு மூன்று வாரம் அதே வேலை. இன்டர்நெட்டில் டாக் பற்றி எழுதுகிறவர்கள் தனி ஜாதி. ஒருவர் ஒரு பெட்டியின் ஒலி வெதுவெதுப்பாக இருக்கிறது என்கிறார். ஒலியா அது, குளிக்கிற வெந்நீரா? இன்னொருவர் அதே பெட்டியைக் கேட்டுவிட்டு, குளிர்ச்சி, உணர்ச்சியே இல்லை என்கிறார். எந்த சிப், எத்தனை பிட், மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. படித்துக்கொண்டிருக்கும்வரை எதையும் கேட்டுப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய கடைக்கும் போனேன். ஏசி அறையில் சோபாவில் உட்கார வைத்து, இரண்டு டாக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார் விற்பனையாளர். "சார், இதுல ஹை எப்பிடித் தொறந்துக்குது பாருங்க" என்று மேல்ஸ்தாயியைப் புகழ்ந்தார். தலையை ஆட்டினேன். "இது கொஞ்சம் மூடுன மாதிரி இல்ல?" என்றார். அதற்கும் ஆட்டினேன். இரண்டும் எனக்கு ஒன்றாகவே இருந்தன.

சதுரங்கப்பட்டினம் பக்கம், அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். தெற்கத்திக்காரர். சவுண்டு ஆட்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். டாக்கைத் தானே பிரித்து, தானே அளந்து பார்க்கிற ஆள். "உங்க பெட்டியையும் எடுத்துட்டு வாங்க சார், அளந்து பாத்துட்டு அப்புறம் எதை வாங்கலாம்னு முடிவு பண்ணுவோம்" என்றார். ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். அந்தப் பக்கம் அக்கா வீடு இருக்கிறது, நானும் வருகிறேன் என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். கேளம்பாக்கம் போய், கோவளம் வந்து, அங்கிருந்து மாமல்லபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு போனேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவது போலத்தான் இருந்தது.

அவர் வீட்டு ஹாலில் என் பெட்டியை இன்னொரு கருவியோடு சேர்த்து மாட்டினார். திரையில் ஒரு கோடு வந்தது. ஏற்றம் இறக்கம் இல்லாமல், அடிமட்டம் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது.

"பெட்டி மேல ஒரு குத்தமும் இல்லையே சார். புதுசு வாங்கினாலும் இதே கோடுதான் வரும்" என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. "கோடு இருக்கட்டும் சார், காதால கேட்டுப் பாக்கணும்" என்றேன். யார் வாயிலிருந்து வருகிறது பாருங்கள்.

"சரி, 'ஸ்' சத்தம் இருக்குற பகுதியை மட்டும் தனியாப் போடுறேன்" என்று மவுஸைப் பிடித்தார். நான் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். மனைவி ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் ஓடியது. வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். கொஞ்ச நேரம் பார்த்தேன். ஆள் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, "போடுங்க சார், நான் ரெடி" என்றேன்.

இன்னும் ஏன் போடவில்லை என்று பார்க்கக் கண்ணைத் திறந்தேன். மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கியிருந்தது. அவர் மவுஸின் மேல் கை வைத்தபடி என்னையே பார்த்தார். பிறகு எதையோ அழுத்தினார். மனைவி காதிலிருந்து கையை எடுத்தாள். எனக்கு எதுவுமே மாறவில்லை.

"எனக்கும் அறுபத்தஞ்சு ஆகுது சார், எனக்கே நல்லாக் கேட்டுது. ஒரு காது டாக்டரைப் பாத்துருங்க" என்று அவர் மெதுவாகச் சொன்னார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அப்ப எந்த டாக் வாங்கலாம் சார்?" என்றேன். அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அக்கா வீட்டுக்கு இன்னொரு நாள் போகலாம் என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. கல்யாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் ஆளுயர பாக்ஸ்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தூங்கியிருக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது காதில் பஞ்சு வைத்தால் கிண்டல் செய்வேன். சவுண்டுக்காரன் சவுண்டுக்குப் பயந்தால் எப்படி என்று கேட்பேன்.

செங்கல்பட்டில் ஒரு காது டாக்டரிடம் போனேன். கண்ணாடிக் கூண்டு ஒன்றில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் வந்தால் அழுத்த வேண்டும். என் அறையில் எத்தனை மெத்தை அடித்தும் வராத நிசப்தம் அந்தக் கூண்டில் இருந்தது. முதலில் வந்த சத்தங்களுக்கு எல்லாம் டக் டக்கென்று அழுத்தினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. இப்போது வந்திருக்கும் என்று ஒரு கணிப்பில் இரண்டு தடவை அழுத்தினேன். கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண் மைக்கில் சொன்னார்: "ஐயா, நான் இன்னும் எதையும் போடலீங்க."

ஐம்பத்திரண்டு வயதில் காப்பியடித்து மாட்டிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

டாக்டர் காட்டிய தாளிலும் ஒரு கோடு இருந்தது. பாதி தூரம் ஒழுங்காகப் போய், அதற்குப் பிறகு கிணற்றுப் படி மாதிரி இறங்கியது. போனது போனதுதான், திரும்பி வராது என்றார். காதில் மிஷின் வைத்தால் ஆட்கள் பேசுவது தெளிவாகும் என்றார். "பாட்டு மிக்ஸிங்?" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு, வேறு வேலை ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

அடுத்த வாரமே புது டாக் வாங்கினேன். சிரிக்காதீர்கள். வாங்காவிட்டால் பழுது பெட்டியில் இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மாட்டினேன், பாட்டைப் போட்டேன். ஸ்தோத்திரம் அப்படியே மழுங்கலாகத்தான் இருந்தது. அட்டைப்பெட்டியை மடித்து பீரோ மேல் வைத்துவிட்டு, மெத்தைச் சுவரில் தலையைச் சாய்த்து அழுதேன்.

மனைவி ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வந்து கைகால் கழுவிவிட்டு, கேட்காமலேயே பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"போடு மாமா. எங்க குத்துதோ நான் சொல்றேன்."

முதல் பாட்டைப் போட்டேன். அவள் கை என் தோளில் இருந்தது. குத்துகிற இடம் வந்தால் விரலால் அழுத்துவாள். நான் பாட்டை நிறுத்தி, அந்த இடத்தில் 'ஸ்'ஸைக் குறைப்பேன். "இன்னும்" என்பாள். குறைப்பேன். "இன்னும் கொஞ்சம். போதும்." எனக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. திரையில் இருக்கும் குமிழ் நகர்வதைக் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான். இப்படியே நான்கு நாள் சாயங்காலம் ஆறு பாட்டையும் முடித்தோம். மிக்ஸிங் என்றால் என்னவென்றே தெரியாத ஒருத்தி மிக்ஸ் செய்தாள், முப்பது வருடத் தொழில்காரன் நான் பட்டனைத் தள்ளினேன்.

அனுப்பிய மறுநாளே குழுத் தலைவி போன் செய்தார். "சூப்பர்ண்ணா! கண்ணாடி மாதிரி கீது. புது மிஷின் வாங்குனீங்களாமே, சும்மாவா! அடுத்த பாட்டும் உங்க கையிலதான்."

"ஆமாம்மா, புது மிஷின்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? காது போன ஆளிடம் யார் பாட்டைக் கொடுப்பார்கள்?

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அத்தனை நாளும் கேட்கத் தைரியம் வராத ஒன்றை அப்போது கேட்டேன்.

"உனக்கு எப்பலேந்து தெரியும்?"

"இன்னாது?"

"என் காது."

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு வருசம் இருக்கும். வாஷிங் மெஷினு முடிஞ்சி கத்திகினே இருக்கும். நீ அது பக்கத்துலயே ஒக்காந்து போன் பாத்துகினு இருப்ப."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம். ஸ்தோத்திரம் மட்டுமா, அதற்கு முன்பு அனுப்பிய அம்மன் பாட்டுகள், குறும்படங்கள், எல்லாவற்றிலும் அந்த விசில் இருந்திருக்கும். ஊரே காதைப் பொத்திக்கொண்டு கேட்டிருக்கும்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் வந்து கேட்டாத்தான் சொல்லுவியா? என் பொழப்பு இது. கேக்காம சொல்லக் கூடாதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"சொன்னேன் மாமா. மூணு வாட்டி சொன்னேன். உன் பக்கத்துல ஒக்காந்துதான் சொன்னேன். நீ கேக்கல." கையிலிருந்த கீரைத் தண்டைக் கீழே வைத்தாள். "மெதுவாத்தான் சொன்னேன். இத்தப் போயி கத்தியா சொல்லுவாங்க?"