திரும்பி வந்த மாத்திரைகள்

மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு பார்மசியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கவுண்டரில் நின்றபடி பயந்துபோனது ஒரே ஒருமுறைதான்.

அன்று மதியம் பக்கத்து ஊரான புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து சரஸ்வதி அக்கா கணவர் மாணிக்கத்துடன் வந்தார். அக்காவுக்குச் சில மாதங்களுக்கு முன் ஆப்ரேஷனில் குடலின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, கழிவு வெளியேற வயிற்றில் பை வைத்திருந்தார்கள்.

அக்கா சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். யாரோ அழுத்திப் பிடித்ததுபோல் அங்கங்கே நீலத் தடம்.

"யாரும் தொடல மிஸ். எந்திரிச்சிப் பாத்தா புதுசா ஒன்னு இருக்கு. பல்லு வெளக்குனா ரத்தம்."

மாணிக்கம் குரலைத் தாழ்த்தினார். "இவ கால்ல அருவா வெட்டு மிஸ். கல்யாணத்துக்கு முந்தி எஸ்டேட்ல பட்டது, ஆறிப்போன தழும்பு. இப்ப அதுவா தொறந்துக்கிச்சி. செய்வினைன்னு பேசிக்கிறாங்க. வீட்டுப் பக்கமே யாரும் வர்றதில்ல."

அதைக் கேட்டதும் பயந்துவிட்டேன். வைட்டமின் சி அடியோடு குறைந்தால் பழைய தழும்புகூடப் பிரியும் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை.

"பழம், காய் சாப்பிடுறீங்களாக்கா?"

"பை நெறஞ்சிடும்னு பயம். கஞ்சிதான். ஆனா விட்டமின் சி தெனமும் முழுங்குறேன் லா."

அதுதான் எனக்குப் புரியவில்லை. அக்கா கைப்பையிலிருந்து ஒரு சிறிய பாட்டிலை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"முழுங்குனது அப்படியே பைக்குள்ள வந்துடுது. கழுவி வச்சிருக்கேன். நான் உள்ள செத்துட்டனா மிஸ்?"

மாத்திரைகளில் பொறித்த எழுத்துகூட அழியவில்லை.

அவை 'டைம் ரிலீஸ்' மாத்திரைகள். நீண்ட குடலில் பல மணி நேரம் மெதுவாகக் கரையவென்றே செய்தவை. சிலருக்கு மருந்து கரைந்தபின் வெறும் கூடு வெளியே வரும், அதில் ஆபத்தில்லை. கையுறை மாட்டி ஒன்றைக் குறுக்கே வெட்டினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே மருந்து நிறைந்திருந்தது.

"நீங்க சாகலக்கா. இது கரையறதுக்கு உங்க குடல்ல எடம் பத்தல."

உடனே கிளினிக் டாக்டருக்குப் போன் செய்து அனுப்பிவைத்தேன். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் சி அடியோடு குறைந்திருந்தது. டாக்டர் திரவ வைட்டமினுக்கு மாற்றினார். குடல் குறைந்தால் அவையும் உடலில் சரியாகச் சேராது என்பதால், கொழுப்பில் கரையும் ஏ, ஈ வைட்டமின்களையும் தண்ணீரில் கலக்கும் வடிவத்தில் கொடுத்தார். முதலில் ஈறு ரத்தம் நின்றது. பிறகு நீலம் மறைந்தது. காயம் மூட நாளானது.

இளைய மருந்தாளுநர்களுக்கு ஒன்று சொல்வேன். "ஒழுங்கா சாப்பிடுறீங்களா" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வடிவ மருந்து, போட்டபின் என்ன ஆகிறது என்றும் கேளுங்கள். அக்கா வெட்கப்பட்டு அந்தப் பாட்டிலை வீட்டிலேயே விட்டிருந்தால், அதே மாத்திரையை இன்னும் கூடுதலாகப் போடச் சொல்லித்தான் அனுப்பியிருப்பேன்.