ஒன்பது நாய்களுக்கு வந்த சாப்பாடு

வவுனியாவிலிருந்து வந்த லொறி பன்னிரண்டு சாக்குகளை இறக்கிவிட்டுப் போன காலையில், முதல் சாக்கின் தையலைப் பிரித்தவள் நான்தான். உள்ளேயிருந்து எழுந்த மணத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வடை சுட்ட எண்ணெயை மூன்று நாள் மூடாமல் வைத்துவிட்டு மறுபடி அடுப்பில் ஏற்றினால் ஒரு மணம் வருமே, அதுதான்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், காட்டோரமாக எங்கள் முகாம் இருந்தது. கண்ணிவெடிகளை மோப்பம் பிடிக்கும் ஒன்பது நாய்கள் அங்கே நின்றன. அவற்றுக்குச் சாப்பாடு வைப்பது, கூடு கழுவுவது, நிறை பார்ப்பது, மலத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது என் வேலை. வெடி இருக்கும் நிலத்துக்குள் நான் இறங்குவதில்லை. நாயை நீளமான கயிற்றில் விட்டுத் தேடவைக்கிறவர்கள் வேறு. நாய் வெடிமருந்து மணத்தைப் பிடித்தால் அந்த இடத்தில் உட்காரும். அது உட்காராமல் கடந்துபோன இடத்தில் மனிதர்கள் நடப்பார்கள்.

அதுவரை நாய்களுக்கு வெளிநாட்டு உலருணவு வந்துகொண்டிருந்தது. நாட்டில் டொலர் இல்லாமல் போன மாதங்களில் அதுவும் நின்றது. எரிபொருளுக்கும் சமையல் காஸுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம். நாய்ச் சாப்பாடு இறக்குமதியாகவில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது? எங்கோ தேடிப்பிடித்து இந்தப் பன்னிரண்டு சாக்குகளை அனுப்பியிருந்தார்கள். பையின் முன்பக்கத்தில் மினுங்கும் ரோமத்தோடு ஒரு நாய், பக்கத்தில் பெரிய இறைச்சித் துண்டு.

நான் பையைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தேன். எது அதிகமாகச் சேர்ந்திருக்கிறதோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பதைக் கைபேசியில் தேடி முன்பே தெரிந்து வைத்திருந்தேன். பழைய பையில் முதலில் இருந்தது கோழி, அடுத்தது மீன்தூள். இதில் முதலில் சோளம், பிறகு கோதுமைத் தவிடு, பிறகு 'விலங்குத் துணைப்பொருட்கள்'. எந்த விலங்கு, எந்தத் துணைப்பொருள் என்று இல்லை. காலாவதித் திகதி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, அதன்மேல் புதிதாக ஒரு திகதி அடித்திருந்தார்கள்.

எங்கள் மேற்பார்வையாளர் சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கோபக்காரர் அல்ல, களைத்துப்போன மனிதர்.

"சேர், இது பழுதாப்போன எண்ணெய் மணக்குது" என்றேன்.

"புரதம் எவ்வளவெண்டு போட்டிருக்கு?"

பார்த்தேன். பழைய பையில் இருந்த அதே எண்தான்.

"அப்ப என்ன பிள்ளை? விலையும் பாதி. நாய்தானே தின்னப்போகுது, நீங்களோ நானோ இல்லையே."

புரதம் தவிட்டிலும் இருக்கும், தோலிலும் இருக்கும், நாயின் உடம்பு எல்லாவற்றையும் ஒரேமாதிரி எடுத்துக்கொள்ளாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த சாக்குக்குப் போய்விட்டார். வேறு சாப்பாடும் இல்லை. அன்று மாலை அதைத்தான் வைத்தேன்.

முதல் வாரத்திலேயே மாற்றம் தெரிந்தது. பழைய உணவில் ஒரு நாய்க்கு இரண்டு தகரப் பேணி போதும். இதில் இரண்டு பேணி தின்ற பிறகும் நாய்கள் தட்டை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தன. மூன்றாக்கினேன், பிறகு மூன்றரை. அரை விலைக்கு வாங்கிய சாக்கு அரைவாசி நாட்களில் முடிந்தால் என்ன இலாபம்? தின்றதில் பெரும்பகுதி மலமாகக் கூட்டின் தரையில் கிடந்தது. மஞ்சளாக, சோளத் துணிக்கைகளோடு, அள்ள முடியாத இளக்கத்தில். தண்ணீர்ச் சட்டிகளை நாளுக்கு நான்கு முறை நிரப்பவேண்டி வந்தது. தடவினால் கையில் வழுக்கும் ரோமம், இப்போது காய்ந்த புல்லைப்போலக் குத்தியது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். வாசிக்க யாருமில்லை.

வீட்டில் இதைச் சொன்னது என் பிழை. அம்மா சிறு வயதில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்தவர். பிறருடைய வயல்களில் கூலிவேலை செய்து எங்களை வளர்த்தவர். தோட்டத்துப் பேச்சை இன்னும் விடவில்லை. காஸ் இல்லாமல் முற்றத்தில் மூட்டிய அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்டி, நாய்க்கு எறச்சி பத்தலன்னு சண்டை போடப்போறியா? நாம பருப்பு கண்டு ஒரு வாரமாச்சு. தெரியுமா ஒனக்கு?"

தெரியும். அன்று எங்கள் வீட்டில் சோறும் தேங்காய்ச் சம்பலும் மட்டும். முகாமில் ஒரு நாய் தின்றதன் விலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டைவிட அதிகம். நான் கை கழுவப் போனேன். அதற்குப் பிறகு பல நாட்கள், இதைப்பற்றி வாய் திறக்க நினைத்தபோதெல்லாம், அம்மா அடுப்படியில் நிமிர்ந்து பார்த்த பார்வை முன்னால் வந்து நின்றது.

எங்கள் குழுவில் பழுப்பு நாயைக் களத்துக்குக் கொண்டுபோகும் அக்கா ஒருவர் இருந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். அதிகம் கதைக்கமாட்டார். மூன்றாவது வாரம் ஒருநாள், வேலை முடிந்து வந்து கூட்டுக் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"இவன் வெள்ளனவே வாயைத் திறந்து இளைக்கிறான். முந்தி பத்து மணிவரைக்கும் நிப்பான். இப்ப ஏழரைக்கே நாக்கு வெளியால."

"வெயிலோ அக்கா?"

"வெயில் எப்பவும் இருந்ததுதானே. வாயால மூச்சு விடுற நாய் மூக்கால என்னத்தைப் பிடிக்கும்?"

ஒவ்வொரு நாள் காலையும், களத்துக்குப் போகுமுன், முகாமுக்குள் பாதுகாப்பாகப் புதைத்த வெடிமருந்து மாதிரிகளை நாய் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் அன்று வேலை இல்லை. மறுநாள் பழுப்பு நாய் ஒரு மாதிரியைத் தாண்டிப் போனது. மேற்பார்வையாளர் ஓய்வு கொடுத்து மறுபடி விடச் சொன்னார். இரண்டாம் முறை பிடித்தது. வேலைக்குப் போனார்கள். அதற்கடுத்த மூன்று நாட்களும் ஒருவாறு பிடித்தது, ஆனால் தயங்கித் தயங்கி, சுற்றி வந்து.

அப்போது அவர்கள் தேடிக்கொண்டிருந்தது குளத்துக்குக் கீழே ஒரு மேட்டுக்காணி. சொந்தக்காரரின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து, காடு வெட்டிக் கழனியாக்கியது. போர் முடிந்தும் அந்த ஒரு துண்டு மட்டும் இன்னும் அவர் கைக்குத் திரும்பவில்லை. நாளும் காலையில் சைக்கிளில் வந்து, மஞ்சள் நாடாவுக்கு வெளியே நின்று, "இண்டைக்கு எவ்வளவு முடியும்?" என்று கேட்பார். மழைக்கு முன் கச்சான் கடலை விதைக்கவேண்டும் என்பார். வெள்ளிக்கிழமை காணியைக் கையளிப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை காலைச் சோதனையில் பழுப்பு நாய் இரண்டு மாதிரிகளைத் தவறவிட்டது. மறுபடி விட்டார்கள். மறுபடியும் தவறவிட்டது. பிறகு நடுவழியில் நின்று, காலை மடித்து வயிற்றைச் சொறிந்தது.

"சரி, இண்டைக்கு இவனுக்கு ஓய்வு. மற்ற நாயைக் கொண்டுபோங்கோ" என்றார் மேற்பார்வையாளர்.

அக்கா அசையவில்லை. என்னைப் பார்த்தார். அவர் நினைப்பதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்: இன்றைக்குப் பிடிக்காத மூக்கு, நேற்று பிடித்ததா?

"சேர், கொஞ்சம் நில்லுங்கோ" என்றேன்.

நாய்ச் சாப்பாடு வைக்கும் குசினிக்குள் ஓடினேன். பழைய உணவு இருந்த பெரிய வாளியின் அடியில் ஒரு கைப்பிடி உருண்டைகள் கிடந்தன. அவற்றை ஒரு கோப்பையிலும், புதிய சாக்கிலிருந்து ஒரு கைப்பிடியை இன்னொன்றிலும் போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி வெளியே கொண்டுவந்து மேசையில் வைத்தேன். பழையது மெல்ல மெல்ல ஊறியது. தண்ணீர் அதிகம் நிறம் மாறவில்லை. மீன் மணம் வந்தது. புதியது சில நிமிடங்களிலேயே கஞ்சியாகக் கரைந்தது. தண்ணீர் செம்மஞ்சளாகி, மேலே எண்ணெய் படலமாக நின்றது. இதெல்லாம் ஆய்வுகூடச் சோதனை இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் கண்ணால் பார்க்க வேறு எதையும் என்னால் காட்ட முடியாது.

"மணந்து பாருங்கோ சேர்."

அவர் குனிந்தார். முகம் சுளித்தது.

நான் சாக்கை இழுத்துவந்து, அந்த வெள்ளைத்தாளில் ஈரவிரலைத் தேய்த்து உரித்தேன். அடியில் அச்சடித்த பழைய திகதி இருந்தது. கடந்து எட்டு மாதம்.

மேற்பார்வையாளர் குனிந்து அதை வாசித்தார்.

"சரி, இதைக் குடுக்க வேண்டாம். அறிவிக்கிறன்" என்றார் அவர்.

"சாப்பாடு இருக்கட்டும் சேர். தேடி முடிச்ச துண்டு?"

"அதை ரெண்டாவது நாயும் தேடினதுதானே. அதுக்குத்தானே ரெண்டு நாய்."

"ரெண்டும் ஒரே சாக்கிலதான் சேர் திண்டது."

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரிடம் கேட்பது என்னவென்று மூவருக்கும் தெரியும். முடிந்ததென்று எழுதிய துண்டை மறுபடி மூடவேண்டும். ஆட்கள் முழங்காலில் நின்று, கருவியோடு, அடி அடியாகத் தேடவேண்டும். வெள்ளிக்கிழமைக் கையளிப்பு போய்விடும். மேலிடத்துக்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும்.

அக்கா அன்று முதல்முறையாக வாய் திறந்தார். "நான் அதுக்குள்ள நடக்கமாட்டன் சேர். அந்தாளை எப்படி நடக்கச் சொல்லுறது?"

மேற்பார்வையாளர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனார். வெகுநேரம் கதைத்தார். திரும்பி வந்தபோது, "நாளைக்கு ஆக்கள் இறங்குவினம்" என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

காணிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது நானும் அங்கே நின்றேன். அவர் சைக்கிளைச் சாய்த்து வைக்காமல் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"நாய்க்குச் சாப்பாடு சரியில்லையெண்டு என்ர காணியைத் திருப்பி மறிக்கிறியளோ? எத்தனை வருசம் பொறுத்திருக்கிறன் தெரியுமோ?"

"இன்னும் பத்து நாள் பொறுங்கோ ஐயா" என்றேன்.

"மழை பொறுக்குமோ, பிள்ளை?"

கவசமும் முகமூடியும் போட்ட பெண்கள் வரிசையாக முழங்காலில் நின்று தேடத் தொடங்கினார்கள். நான் நாய்களுக்குச் சோறும், நாயாற்றுக் கடற்கரையிலிருந்து வரும் மலிவான மீனும், முட்டையும் அவித்துக் கொடுத்தேன். மிருக வைத்தியர் அளவு சொல்லியிருந்தார். வேலை முடிந்ததும் நாடா ஓரத்துக்குப் போய் நிற்பேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. காணிக்காரரும் எனக்குச் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் நாள் ஒருத்தியின் கருவி ஒலித்தது; விசில் ஊதினார்கள். பழுப்பு நாய் தேடிய துண்டின் நடுப்பகுதி. எல்லோரும் பின்வாங்கினார்கள். ஒரு பெண் மட்டும் குனிந்து, மண்ணை விரல் விரலாக விலக்கத் தொடங்கினாள். அந்த நேரம் என் மனதுக்குள் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அது வெடியாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன். இருந்தால் நான் சொன்னது சரி. மேற்பார்வையாளர் என்னைப் பார்ப்பார், அந்த மனிதர் கை எடுத்துக் கும்பிடுவார். இப்படி ஓடியது எண்ணம். மறு நொடி, குனிந்திருந்தவளின் கழுத்தில் வேர்வை வழிவதைப் பார்த்தேன். உடம்பெல்லாம் கூசிப்போனது. அவளுடைய கைக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் மண்கூட இல்லை.

அரை மணி நேரத்துக்குப் பிறகு அவள் எழும்பிக் கையை உயர்த்தினாள். துருப்பிடித்த மீன்ரின், வெறும் தகரம்.

துண்டு முழுவதும் தேடி முடித்தபோது அதில் வெடி எதுவும் இல்லை. நாய் தேடியபோதும் இருந்திருக்காது. அதன் மூக்கு சரியாக வேலை செய்திருக்கலாம், அல்லது வேலை செய்யாமலே, பிடிக்க எதுவும் இல்லாத இடத்தைக் கடந்து போயிருக்கலாம். இரண்டில் எது என்று யாரும் சொல்லமுடியாது. மேற்பார்வையாளர் என்னைக் குறைசொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அந்தச் சாக்குகளைத் திருப்பி அனுப்பும்போது, "மிச்சம் எத்தனை?" என்று மட்டும் கேட்டார். அடுத்த முறை வேறொரு கடையிலிருந்து உணவு வந்தபோது, லொறியை நிறுத்திவைத்து, என்னைக் கூப்பிட்டு, ஒரு சாக்கைப் பிரித்து மணந்து பார்க்கச் சொன்னார். அது நல்ல உணவு. விலை அதிகம், ஆனால் இரண்டேகால் பேணியில் நாய்கள் தட்டை விட்டு நகர்ந்தன. மூன்று வாரத்தில் மலம் இறுகியது. ஐந்தாவது வாரம் பழுப்பு நாய் எல்லா மாதிரிகளிலும் தயங்காமல் உட்கார்ந்தது. அக்கா அதற்குப் பரிசாகப் பந்தை எறிந்துவிட்டு, என் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார்.

"வெடி இல்லன்னு ஆச்சே, அப்ப ஒனக்கு வேலை போகலியா?"

"இல்லம்மா."

"சரி. மனுசன் நடக்கிற எடம். பாத்தது தப்பில்ல" என்றார். பருப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

காணியைக் கையளித்து நான்காம் நாள், குளத்துப் பக்கமிருந்து உழவு இயந்திரச் சத்தம் கேட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலியோரம் போனேன். காணிக்காரர் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். நாய்களும் பிறகு ஆட்களும் தேடிய அந்தத் துண்டுக்குள் கலப்பை இறங்கியது. தேடியாயிற்று, ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேலிக் கம்பியை விட்டு என் கை எழவில்லை. இயந்திரம் மெதுவாக மறு எல்லைக்குப் போய், வளைந்து, அடுத்த சாலில் திரும்பி வந்தது. அவர் என்னைக் கண்டாரோ தெரியாது. கையசைக்கவில்லை. கடைசிச் சாலும் முடிந்து இயந்திரம் அணையும்வரை அங்கேயே நின்றேன்.