ஒரு தொண்டை, மூன்று வயிறு

உங்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்குமா? உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பீர்கள். இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுப்பீர்கள். மூன்றாம் நாள் வேலைக்குப் போய் அதே நாற்காலியில் உட்காருவீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அந்த வசதி இல்லை.

அவர் ஒரு சபையின் போதகர். வயது ஐம்பத்து மூன்று. சபையாருக்கு அவர் "ஐயா". நாலு வருடம் இறையியல் படித்துப் பட்டம் வாங்கி, இருபத்து நான்கு வருடங்களில் ஐந்து சபைகளைப் பார்த்துவிட்டவர். கடவுள் இருக்கிறார் என்று யார் சொன்னாலும் ஆதாரம் கேட்கிறவன் நான். ஆனால் ஐயாவின் பயத்துக்கு ஆதாரம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது அச்சடித்தே இருந்தது.

முதலில் வீட்டைப் பாருங்கள். ஆலயத்தின் பின்சுவரோடு ஒட்டிக் கட்டிய மூன்று அறைகள். ஆலயத்திலிருந்து வீட்டுக்குள் வர ஒரு கதவு உண்டு. அதன் தாழ்ப்பாள் ஆலயப் பக்கம் இருக்கிறது, வீட்டுப் பக்கம் இல்லை. சபையை நடத்தும் கமிட்டிக்காரர் எவரும் எப்போதும் உள்ளே வரலாம். கட்டில், நாற்காலி, அலமாரி, துணி துவைக்கும் இயந்திரம் என எல்லாவற்றின் அடியிலும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண். குடி வந்த அன்று நாற்பத்தொரு சாமான்களுக்கு ஐயாவும் மனைவியும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

"இந்த வீட்ல நம்பர் போடாத சாமான் நாம மூணு பேருதான்," என்பார் ஐயாவின் மனைவி.

"மெதுவா பேசுங்கம்மா. செயலாளர் காதுல விழுந்தா பிரஷ்ஷோட வந்துடுவார்," என்பாள் மகள். அவள் சபை நடத்தும் பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறாள். போதகர் பிள்ளை என்பதால் பாதிக் கட்டணம்.

செயலாளர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். எல்லாரும் அவரைக் கான்ட்ராக்டர் என்பார்கள். கெட்டவர் அல்லர், இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவரிடம் கல் சுமக்கிற ஆள் கால் உடைந்து படுத்தால் மருத்துவச் செலவைக் கொடுப்பார். சபைப் பள்ளியின் வேன் ஓட்டுநருக்கு ஓய்வூதியச் சேமிப்பு, வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் நோய் விடுப்பு எல்லாம் உண்டு. அதற்கும் கையெழுத்துப் போடுகிறவர் கான்ட்ராக்டர்தான். ஐயாவின் சம்பளம் அந்த ஓட்டுநரின் சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. சேமிப்பும் கிடையாது, விடுப்பும் கிடையாது. காரணம் கேட்டால் ஓட்டுநரை வேலைக்கு வைத்தது பள்ளி, ஐயாவை அழைத்தது கடவுள் என்பார்கள். கடவுள் அழைத்தால் விடுப்பு கிடையாதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அச்சடித்த பயம் என்றேனே, அது சபையின் சட்டதிட்டப் புத்தகத்தில் பதினேழாவது விதி. தொடர்ந்து முப்பது நாள் ஆராதனை நடத்த இயலாத போதகரைக் கமிட்டி "ஊழியத்திலிருந்து விடுவிக்கலாம்". விடுவிக்கிறார்களாம்! ஐயாவுக்கு முன்னால் அங்கே இருந்த போதகருக்குப் பக்கவாதம் வந்தது. சபை கூடி முழங்காலில் நின்று ஜெபித்தது. முப்பத்தோராம் நாள் ஒரு சுவர்க் கடிகாரமும் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடலும் கொடுத்து விடுவித்தது. இப்போது அவர் மைத்துனர் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டிலில் கிடக்கிறார். ஐயா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு லேசாகத் தும்மினாலும் நாட்காட்டியைத்தான் பார்ப்பார்.

போன மழைக்காலத்தில் ஓர் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் ஒலிபெருக்கி இல்லை, மழை கொட்டியது. "மண்ணுக்கு மண்" என்று உரக்கச் சொல்லும்போது ஐயாவின் குரல் பட்டென்று அறுந்தது. அடுத்த வார்த்தை காற்றாகத்தான் வந்தது. கூட்டம் விம்மியது. கான்ட்ராக்டர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இன்னிக்கு உருகிட்டீங்க. எங்க யாராலயும் தாங்க முடியல."

உருகவில்லை, உடைந்துவிட்டது என்று சொல்ல ஐயாவுக்குக் குரல் இல்லை.

ஞாயிறுகளில் கரகரத்த குரலிலேயே சமாளித்தார்; மூன்று வாரமாகியும் குரல் சரியாகத் திரும்பவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு தொண்டை மருத்துவரிடம் போனார். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் காட்டினார் மருத்துவர்.

"இடது பக்கம் பாருங்க. பட்டாணி அளவுல ஒண்ணு தெரியுதா?"

"அது... கெட்டதா டாக்டர்?" என்று மனைவி கேட்டார்.

"வெட்டி எடுத்துச் சோதிச்சாதான் சொல்ல முடியும்மா. பயப்படாதீங்கன்னும் சொல்ல மாட்டேன், பயப்படுங்கன்னும் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே பேசக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்னால ஒரு மாசம், பின்னால ரெண்டு மாசம். மீறிப் பேசினா குரலே போயிடலாம். சார் என்ன வேலை பார்க்கிறார்?"

மனைவி சொன்னார். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பேசுறதே வேலையா? சரி, மருத்துவ விடுப்பு எடுத்துக்கலாமில்ல?"

ஐயா அவரைப் பார்த்துச் சிரித்தார். அதைவிட அழுதிருக்கலாம்.

திரும்பி வரும் பேருந்தில் இருவர் மனதிலும் ஒரே கணக்கு. மருத்துவர் சொன்னது தொண்ணூறு நாள். விதி சொன்னது முப்பது. கட்டி கெட்டதாக இருக்குமோ என்ற பயம் இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது. சாவைவிட வீட்டுச் சாவியை நினைத்து ஒரு மனிதன் நடுங்குவதைப் பார்த்தவன் சொல்கிறேன், அதைவிட அசிங்கமான ஏற்பாடு வேறு இல்லை.

மறுநாள் மனைவி சபைப் பத்திரிகையில் ஆள் தேவை விளம்பரங்களைப் புரட்டினார். "போதகர் தேவை. வயது நாற்பதுக்குள். கிட்டார் வாசிப்பவருக்கு முன்னுரிமை. மனைவி நன்றாகப் பாடத் தெரிந்தவராக இருத்தல் நலம்."

"நான் பாடினா இருக்கிற சபையும் ஓடிப்போயிடும்," என்று பத்திரிகையை மடித்தார்.

வெளி வேலைக்கும் முயன்று பார்த்தார்கள். ஒரு தனியார் அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்கு ஐயா மனுக் கொடுத்தார். அங்கிருந்த பெண் அவர் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "சார், இதை வச்சு என்ன வேலை செய்வாங்க?" என்று உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் ஆலயப் பக்கத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. ஐயா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மனைவிக்குச் சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர் உள்ளே வந்தார்.

"என்ன ஐயா, கூப்பிடக் கூப்பிட பதிலே இல்ல?"

ஐயா நோட்டை மூடினார். மனைவி சமையலறை வாசலிலிருந்து, யோசிக்காமல், வாயில் வந்ததைச் சொன்னார்:

"மௌன ஜெபத்துல இருக்காங்க சார். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் பேச மாட்டாங்க."

கான்ட்ராக்டர் செருப்பைக் கழற்றினார். குரலைத் தணித்து, "மன்னிச்சுக்கோங்கம்மா, தெரியாம வந்துட்டேன்," என்று பின்னோக்கி நடந்து போனார். அந்தக் கதவு அவ்வளவு மெதுவாகச் சாத்தப்பட்டது அன்றுதான்.

பொய் கால் முளைத்து நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டை நீட்டி, வேதப்பகுதி வாசிக்க வேறு ஆட்களை நிறுத்தி, ஐயா ஒலிவாங்கியோடு உதட்டை ஒட்டிப் பத்து நிமிடம் மட்டும் கிசுகிசுத்தார். சபை முன்னால் சாய்ந்து கேட்டது. இருமினவர்களை மற்றவர்கள் முறைத்தார்கள். வார நாட்களில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பேசாத போதகர் எதிரே உட்கார்ந்து தங்கள் துக்கத்தைக் கொட்டிவிட்டு, லேசாகிப் போனார்கள்.

"அஞ்சு வருஷத்துல ஐயா நாம சொல்றதை முழுசா கேட்டது இப்பதான்," என்றார் தையல்காரர் ஒருவர்.

தொண்டையில் வளர்ந்த ஒரு கட்டியைப் புனிதம் என்று கும்பிட்டார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. பகுத்தறிவை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வந்தால் இப்படித்தான் ஆகும். ஆனால் அந்தக் கும்பலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மனிதனை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் வணங்கி எழும்போது அவர் கண் நாட்காட்டிக்குப் போனது. என்றைக்காவது கண்டுபிடித்துவிடுவார்கள். அல்லது கண்டுபிடிக்காமல் அவரைப் பேச வைத்தே கொன்றுவிடுவார்கள்.

நெருங்கி வந்தது இரண்டாவது. ஆலயத்தில் கூட்டம் பெருகியதைக் கண்ட கான்ட்ராக்டர், ஒரு நாள் சுவரொட்டிக் கட்டோடு வந்தார். "மூன்று நாள் சிறப்புக் கூட்டம். மௌனத்தில் பெற்ற செய்தி. தினமும் ஒன்றரை மணி நேரம்." நடுவில் ஐயாவின் படம். வாடகை நாற்காலி ஐந்நூறு சொல்லியாகிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு மருத்துவர் குறித்த நாள், மூன்றாம் கூட்டத்துக்கு மறுநாள்.

மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "நான்தாங்க கெடுத்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்."

மகள் சுவரொட்டியை மேசையில் விரித்துப் படித்தாள். "எல்லாம் போட்டிருக்காங்கப்பா. மூணு நாள்ல எந்த நாள் உங்க குரல் போகும்னு மட்டும் போடல."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. சுவரொட்டியை மடித்து வைத்து, "சொல்லிடுங்கப்பா," என்றாள். ஐயா நோட்டில், "வீடு? உன் படிப்பு?" என்று எழுதினார். அவள் பேனாவை வாங்கி அதற்குக் கீழே எழுதினாள்: "பயமாதான் இருக்கு. சொல்லுங்க."

ஐயா எல்லாவற்றையும் கடிதமாக எழுதி, மருத்துவ அறிக்கையை இணைத்துக் கமிட்டி முன் வைத்தார். ஏழு பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கான்ட்ராக்டர் உரக்கப் படித்து முடித்தார். வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பொருளாளர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மௌன ஜெபம்னது பொய்யா?"

"ஆம். பயத்தில் சொன்னது," என்று ஐயா எழுதிக் காட்டினார்.

"எங்களைப் பார்த்தா பயம்?"

"விதி 17."

கான்ட்ராக்டர் கடிதத்தை மேசையில் வைத்தார். அவருக்கு உண்மையிலேயே வலித்திருக்கிறது. "என்ன ஐயா இது. உடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க ஜெபம் பண்ணியிருக்க மாட்டோமா?"

ஐயா நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினார். பிறகு எழுதினார்: "முன்பிருந்தவருக்கும் பண்ணினீர்கள்."

அதற்குப் பிறகு அறை இறுகிவிட்டது. விதி பதினேழுக்கு வேலையே வைக்காமல், சபையை ஏமாற்றிய குற்றத்துக்காக நீக்குவது என்று முடிவு செய்தார்கள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பொய்யைச் சொல்ல வைத்த விதி பத்திரமாகப் புத்தகத்தில் இருக்கிறது. சொன்ன மனிதர் வெளியே.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அங்கிருந்து அழைப்பு வந்ததும் போனார்கள். ஐயா பேச முடியாததால் மனைவி பேசினார். அதிகாரி, சபை அனுப்பியிருந்த பதிலைப் படித்துக் காட்டினார்: "அவர் எங்களிடம் வேலை பார்ப்பவர் அல்லர். கடவுளின் அழைப்பை ஏற்று வந்தவர். நாங்கள் கொடுப்பது சம்பளம் அல்ல, அன்பளிப்பு."

"அப்படின்னா முதலாளி கடவுளா சார்?"

"பேப்பர்படி அப்படித்தான்மா வருது."

"சரி, அவருக்கே நோட்டீஸ் அனுப்புங்க."

"முகவரி வேணுமேம்மா," என்று சிரித்த அதிகாரி, எதிரே இருந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "எங்க கையில ஒண்ணுமில்லம்மா. கமிட்டி முடிவு செல்லணும்னா சபையோட பொதுக்கூட்டத்துல பாதிப் பேருக்கு மேல கை தூக்கணும்னு அவங்க புத்தகத்துலயே இருக்கு. அங்க பாருங்க."

சிறப்புக் கூட்டம் ரத்தாகிவிட்டது. அறுவை சிகிச்சை குறித்த நாளில் நடந்தது. வெட்டிய துண்டு சோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு வரப் பத்து நாள் என்றார்கள், ஆறு போய்விட்டன. பொதுக்கூட்டம் வருகிற ஞாயிறு. மகள் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்க்கிறாள். மனைவி அட்டைப் பெட்டிகள் சேர்க்கிறார். தொலைபேசி அடித்தால் மூவரும் திடுக்கிடுகிறார்கள். மருத்துவமனையா, கமிட்டியா? எது முதலில் என்று தெரியாமல் எதற்குப் பயப்படுவது என்றும் தெரியாமல் இருக்கிறார்கள். ஐயா மட்டும் உண்மையான மௌனத்தில் இருக்கிறார். அவர் எதிரே வந்து உட்கார இப்போது ஒருவரும் இல்லை.

ஆகவே உங்களிடம் வருகிறேன். நீங்கள் வேறு சபையாராக இருந்தால் உங்கள் சபையின் சட்டதிட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். நோயுற்ற போதகரைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த வரியைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று உரக்கப் படியுங்கள். சம்பளத்தோடு விடுப்பு, குணமாகும்வரை வீடு என்று மாற்றி எழுதும்வரை உட்காராதீர்கள். என்னைப் போல் எந்தச் சபையிலும் சேராதவராக இருந்தால், சேர்ந்த ஒருவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள்.

அந்தச் சபையைச் சேர்ந்தவராகவே இருந்தால் நான் கேட்பது இன்னும் சுலபம். ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டர் தீர்மானத்தைப் படித்துவிட்டு, சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்பார். பக்கத்தில் இருக்கிறவர் தூக்குவார், முன் வரிசை முழுக்கத் தூக்கும். நீங்கள் தூக்காதீர்கள்.