எலுமிச்சைக்குத் தண்ணீரை நிறுத்திய சித்தி

என் அடுப்பங்கரை ஜன்னல் இடுக்கில் ஒரு குச்சி செருகியிருக்கிறது. பனைமட்டையைச் சீவி எடுத்தது; முழங்கை நீளம் இருக்கும். ஒரு முனை மண்ணில் குத்திக் குத்திக் கறுத்துப்போயிருக்கிறது. முக்கூடலில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் இதை மாடு ஓட்டுகிற குச்சி என்று நினைத்து இரண்டொரு முறை தூக்கி எறியப் பார்த்தார்கள். சண்டை போட்டு மீட்டு வைத்தேன். இது என் சித்தி கொடுத்தது. அம்மா இறந்த பிறகு அப்பா கட்டிக்கொண்டு வந்தவள்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில், வாய்க்காலுக்கு அடுத்த தெருவில். தாமிரபரணித் தண்ணீர் புறவாசல் பக்கமே ஓடுகிற ஊரில் செடி வளர்க்க ஒரே வழிதான் தெரியும். வாடினால் தண்ணீர் ஊற்று. மஞ்சளித்தால் இன்னும் ஊற்று. விருந்தாளி இலையைக் கையால் மறைத்தாலும் விடாமல் சோறு போடுவோமே, அதே கைதான் செடிக்கும். அம்மா வைத்த எலுமிச்சை புறவாசலில் நின்றது. காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களில் அவள் அப்பாவிடம், "மரத்துக்குத் தண்ணி ஊத்த மறந்துராதிய" என்று சொன்னாள். அப்பா மறக்கவில்லை. சாயங்காலம் கருப்பட்டி மண்டியிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவார், குடத்தை எடுப்பார், மரத்தின் தூரிலே கொண்டுபோய்க் கவிழ்ப்பார். மழை பெய்த நாளிலும் ஊற்றினார். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

செங்கோட்டைக்கு ரயில் விட்ட புதிதில் சித்தி வந்தாள். உவரிப் பக்கம் தேரிக்காட்டு ஊர்க்காரி. கருப்பட்டி வியாபாரத்தில் பழக்கமான குடும்பம். செம்மணலில் நெடுந்தூரம் நடந்து சுமந்து வந்த தண்ணீரில் முருங்கையும் பூசணியும் வளர்த்தவள். சுமந்த தண்ணீரை யார்தான் வீணாக்குவார்கள்? ஊற்றுவதற்கு முன்னால் குச்சியை மண்ணில் இறக்கி, சற்று நேரம் விட்டு, உருவிப் பார்ப்பாள். மண் ஒட்டி வந்தால் செடிக்குத் தாகமில்லை. குடம் திரும்பிப் போகும். தொட்டி என்றால் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் கவிழ்த்துப் பார்ப்பாள். அந்த ஓட்டையை மண் அடைக்காதபடி ஒரு ஓட்டுச்சில்லை வைத்துவிட்டுத்தான் மண்ணை நிரப்புவாள். மீன் கழுவிய தண்ணீரைக் கீழே கொட்ட விடமாட்டாள், அது கறிவேப்பிலைக்கு. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை அவள் வந்த பிறகுதான் கறிவேப்பிலை மாதிரி மணத்தது.

எலுமிச்சையை மட்டும் அவள் தொடவில்லை. அது அக்கா மரம். என் அம்மாவை அவள் அப்படித்தான் சொல்வாள். ஆனால் அந்த மரம் செத்துக்கொண்டிருந்தது. இலையெல்லாம் வெளிறித் தொங்கியது, தூரில் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தது. தாகத்தில் தொங்குகிறது என்று நினைத்து அப்பா ஒரு குடத்தை இரண்டாக்கினார். ஒரு நாள் அவர் மண்டிக்குப் போன பிறகு சித்தி தூரில் குச்சியை இறக்கினாள். உருவி மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்தாள். என்னிடமும் நீட்டினாள். ஊசிப்போன கஞ்சி நாற்றம்.

அன்று சாயங்காலம் குடத்தோடு வந்த அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள். கல்யாணமாகி வந்து அவள் அவரிடம் அவ்வளவு பேசியதே இல்லை. "வேரு மூச்சு முட்டிக் கெடக்கு. இன்னும் ஊத்துனா மரம் தங்காது" என்றாள்.

"சாகப்போறவ கேட்டுக்கிட்டது அது" என்றார் அப்பா.

"மரம் பொழைக்கணும்னுதான அக்கா கேட்டிருப்பாவ."

அப்பா குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மூத்தவ வச்ச மரம் இவ கண்ண உறுத்துது" என்றாள். மரம் பட்டுப்போனால் சித்தி அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்பது எனக்கே புரிந்தது. அவளுக்குப் புரியாமலா இருக்கும்?

மறுநாளே வேலையில் இறங்கினாள். தூரைச் சுற்றி அணைத்திருந்த மண்ணைப் பையப் பைய விலக்கி மேல்வேர்களை வெளியே எடுத்தாள். அழுகிக் கறுத்தவற்றை அறுத்துவிட்டு, வெட்டிய வாயில் அடுப்புச் சாம்பலை அப்பினாள். வேர்கள் வெயில் பார்த்து உலர்ந்த பிறகு ஆற்றுமணலும் மக்கின இலையும் கலந்து மூடினாள், பட்டையில் மண் படாமல். தூரில் இனி ஒரு சொட்டும் கூடாது. கிளைநுனி எட்டுகிற தூரத்தில் வட்டமாக வெட்டிய பாத்தியில்தான் தண்ணீர், அதுவும் குச்சி சொன்னால் மட்டும்.

இவ்வளவும் செய்த பிறகு மரம் இருந்த இலையையும் உதிர்த்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனைக்குப் போனால் பெண்கள் சித்தியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில் அவள் செய்த இன்னொரு காரியத்தைத்தான் நான் இன்றும் நினைத்து நினைத்து வியக்கிறேன். சாயங்காலம் அப்பா வெறும் கையோடு புறவாசலில் நிற்பதை அவள் கவனித்திருக்கிறாள். எங்கிருந்தோ ஒரு வாழைக்கன்றைக் கொண்டுவந்து எலுமிச்சைக்கு எதிரே, அதன் வேர் எட்டாத இடத்தில் நட்டாள். "இதுக்கு தெனமும் தண்ணி வேணும். எனக்கு நேரம் ஒழியாது. நீங்கதான் ஊத்தணும்" என்று குடத்தை அவர் கையில் கொடுத்தாள். அப்பா வாழைக்கு ஊற்றினார், எலுமிச்சையைப் பார்த்துக்கொண்டே. அவளுக்கா ஒழியாது!

மழைக்காலம் பிறந்து கொஞ்ச நாளில் மொட்டைக் கிளையில் செம்பழுப்பாகத் துளிர் கண்டது. முதலில் பார்த்தது அத்தைதான். சித்தியைக் கூப்பிடாமல் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அடுத்த கோடையில் மரம் பூத்துக் காய்த்தது. சித்தி முதல் காய்களைப் பறித்து அத்தையின் மடியில் போட்டு, "அக்கா மரம் காச்சிருக்கு, ஊறுகா போடுங்க" என்றாள். அத்தை போட்டாள். எங்கள் தெருவில் அந்த வருஷம் ஊறுகாய் போகாத வீடில்லை.

எனக்குக் கல்யாணமானபோது அந்த மரத்தின் தாழ்ந்த கிளையை மண்ணில் வளைத்து வைத்துப் பதியம் போட்டு, வேர்விட்ட கன்றைத் தானே வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு முக்கூடல் வந்து நட்டுக் கொடுத்தாள். இந்தக் குச்சியையும் அன்றுதான் கொடுத்தாள். "கேட்டுட்டு ஊத்து" என்றாள், அவ்வளவுதான். சீமையில் யுத்தம் தொடங்கிய வருஷம் சித்தி போய்விட்டாள். அம்மாவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம்.

இன்று காலை குடத்தோடு போய், அந்தக் கன்று வளர்ந்து நிற்கிற மரத்தின் பாத்தியில் குச்சியை இறக்கினேன். ஈரமண் ஒட்டி வந்தது. குடத்தைத் திருப்பி எடுக்கும்போது, புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி மரத்தை அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு காச்சிருக்கே, யாரு வச்ச மரம்?" என்று கேட்டாள்.

"எங்கம்மா வச்சது" என்றேன். சித்தி உயிரோடு இருந்தவரை அவளை நான் அம்மா என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. குச்சியைத் துடைத்து ஜன்னலில் செருகினேன்.