கடலில் இறக்கிய நாலு நோட்டு

பச்சைத் துணியை அவிழ்த்தால் அந்துருண்டையும் சாம்பிராணியும் கலந்த வாசம் வரும். மணமேல்குடிப் பக்கம் கடலோரமாய் இருந்த எங்கள் வீட்டின் மேல்தட்டில், வாப்பாவின் அக்காவான மாமி வைத்திருந்த ஏழு நோட்டுகள் அந்தத் துணிக்குள் இருந்தன. எல்லாம் அரபு எழுத்து என்பதால் "கிதாபு" என்றே சொல்வோம். "ஒளு இல்லாம தொடக்கூடாது" என்று உம்மா சொல்லி வைத்திருந்ததால், கைகால் முகம் கழுவச் சோம்பல்பட்டே யாரும் அவற்றைத் திறந்து பார்த்ததில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும். மாமி கண் ஆபரேஷனுக்குப் புதுக்கோட்டை போயிருந்த நேரம், நோன்புக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். நோட்டுகள் செல்லரித்திருந்தன. ஓதுகிற ஏடு நைந்துபோனால் குப்பையில் போடாமல் கடலில் இறக்குவது எங்கள் வழக்கம். உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தெரிந்தவர் வள்ளத்தில் ஏறினாள்.

பயபக்தியோடு கல்லைக் கட்டி நாலு நோட்டை இறக்கிவிட்டோம். ஐந்தாவது என் கையில் விரிந்துகொண்டது. ஓதுகிற பள்ளிப் பழக்கத்தில் எழுத்துக்கூட்டினேன்: "நெத்... தி... லி."

"கிதாபுல ஏதுடி நெத்திலி? ஒழுங்காப் பாத்து ஓது" என்றாள் உம்மா.

அடுத்ததையும் படித்தேன். "இன்று நெத்திலி மலிவு. துபாயிலிருந்து கடிதம் இல்லை." உம்மாவின் முகம் வெளிறிப்போனது.

தமிழ்ப் பள்ளிக்கூடம் போகாத மாமி, தெரிந்த அரபு எழுத்திலேயே தமிழை எழுதித் தினமும் டைரி வைத்திருக்கிறாள். அவள் எழுதுவது தமிழாக இருக்கும் என்று பள்ளிக்கூடம் போன உம்மாவுக்குத் தோன்றவே இல்லை. மாமி கண்ணில் கட்டோடு வந்து இறங்கியதும் உம்மா அழுதேவிட்டாள்.

"விடு, மூணு நோட்டாவது மிஞ்சுச்சே" என்றாள் மாமி.

மிஞ்சிய மூன்றுக்குள் எங்கள் ஊரே இருக்கிறது. கரண்டு வந்த அன்று எழுதியிருக்கிறாள்: "விளக்கு வந்தது. அடுக்களைச் சுவரில் இவ்வளவு கரி என்று இன்றுதான் தெரிந்தது." எந்தச் சரித்திரப் புத்தகம் இதைச் சொல்லும்? கடல்கடந்து பிழைக்கப்போன சபுராளிகளின் கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், துபாயில் இருந்த மாமாவை நினைத்துப் பதினொரு நாள் "கடிதம் இல்லை" என்று எழுதிவிட்டு, பன்னிரண்டாம் நாள் "வந்தது. பிரியாணி ஆக்கினேன்" என்று எழுத மாமியால்தான் முடியும்.

இன்று மாமி இல்லை. அந்த எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்களும் எங்கள் தெருவில் இல்லை. மூன்று நோட்டையும் தமிழ் எழுத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், அலுக்காத வேலை. நான் பிறந்த வருடத்து நோட்டு கடலோடு போன நாலில் ஒன்று. மாமி இருந்தபோது, என்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருந்தாள் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஞாபகம் இருந்தா எதுக்கு புள்ள எழுதி வைக்கப் போறேன்?" என்றாள்.